பொத்துவிலைப் பார்க்கும் முறை

கொழும்பு மாநகரிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ ஆகிய ஊர்களைக் கடந்து கிழக்கு நோக்கி ஓடும் நெடுஞ்சாலை, மலைநாட்டின் விளிம்பிலிருந்து இறங்கி, காடும் குளமும் வயலும் தாண்டி, ஈற்றிலே கடலை வந்து காணும் இடம் பொத்துவில். இலங்கையின் நெடுஞ்சாலைகளுள் மிக நீண்டதாகிய அச்சாலை பொத்துவிலிலே வடக்கே திரும்பி, அக்கரைப்பற்றையும் கல்முனையையும் தொட்டு, மட்டக்களப்பிலே சென்று முடிகின்றது. பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை, உகந்தை, குமணை என்று ஊரும் காடும் மாறிமாறி வருகின்றன, அதற்கப்பால் கதிர்காமம். மேற்கே ஊவா நாடு. வடக்கே மட்டக்களப்பு நாடு. தெற்கே உரோகணத்துக் காடு. இம்மூன்றும் வந்து கூடும் சந்தியாக இச்சிறு பட்டினம் அமைந்திருப்பதே அதன் வரலாற்றுக்குக் காரணம் எனலாம்.

இன்று இவ்வூருக்கு வரும் வெளிநாட்டார் பெரும்பாலோர் இங்கே தங்குவதில்லை. அவர்கள் நாடி வருவது தெற்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள அறுகம்பை என்னும் குடாவையே. சித்திரை தொடங்கி ஐப்பசி வரையிலான மாதங்களிலே அங்கு எழும் அலைகள், பலகையேறி அலைமேற் சறுக்கும் விளையாட்டுக்கு உலகப் புகழ் பெற்றவை. பஸ் வண்டி பொத்துவிற் கடைத்தெருவிலே நின்றதும் பொதியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் குடாவுக்கு விரைந்துவிடுகின்றனர். அவர்கள் கடந்து செல்லும் அவ்வூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும், ஒரு நாட்பயணத் தொலைவினுள், பள்ளிவாசலும் கோவிலும் விகாரையும் உள்ளன. தமிழும் சிங்களமும் வழங்குகின்றன. ஈராயிரம் ஆண்டுக் கதைகள் மணலிலும் கல்லிலும் கிடக்கின்றன.

பொத்துவிலின் மக்களுட் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். தமிழரும் சிங்களவரும் அவர்களோடு வாழ்கின்றனர். முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழே. வடக்கே அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என நீளும் கடற்கரை ஊர்களும், உள்நாட்டுச் சம்மாந்துறையும் இத்தகையனவே. இவ்வூர்களுக்கு இடையிடையே திருக்கோவில், தம்பிலுவில், காரைதீவு முதலிய தமிழூர்கள் அமைந்துள்ளன. 1892ஆம் ஆண்டில் விபுலாநந்த அடிகளை ஈன்ற காரைதீவுக்கு வடக்கே சாய்ந்தமருதும் தெற்கே நிந்தவூரும் அடுத்தடுத்து நிற்பதைக் காண்போர், இக்கரையின் அமைப்பை ஒரு பார்வையிலே விளங்கிக்கொள்ளலாம். ஓரூரில் மாலைத் தொழுகைக்கான அழைப்பு எழும். அடுத்த ஊரில் கோவில் மணி ஒலிக்கும். முன்னர் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி 1961ஆம் ஆண்டிலே புதிய அம்பாறை மாவட்டத்துள் அடங்கியது. 1977ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே பொத்துவில் இரட்டை உறுப்பினர் தொகுதியாக வகுக்கப்பட்டு, ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும் அதனின்று தெரிவாயினர். இங்கே ஒரு சமூகம் மட்டும் வாழவில்லை என்பதைத் தேர்தல் வகுத்தோரும் அறிந்திருந்தனர்.

முஸ்லிம்கள் இக்கரைக்கு வந்த வரலாறு ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. அரபிக் கடலிலும் வங்கக் கடலிலும் வாணிகம் செய்தோர் பன்னெடுங்காலமாகத் துறைகள்தோறும் தங்கி மணஞ்செய்து குடியேறினர். பின்னர் போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலே ஆதிக்கம் பெற்றபோது அங்கிருந்த முஸ்லிம்கள் துரத்தப்பட்டனர். 1626ஆம் ஆண்டளவில் கண்டியரசன் செனரத் அவர்களுள் 4,000 பேரை மட்டக்களப்பு நாட்டிலே குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியாராகிய கெய்றோசு எழுதிய நூல் கூறுகின்றது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிய பொதிமாடுகள் காட்டுவழியே மலைநாடு சென்று, பாக்கும் பிற மலைநாட்டு விளைபொருள்களும் கொண்டு மீண்டன. தவளம் எனப்பட்ட இப்பொதிமாட்டு வாணிகத்திலே முஸ்லிம்கள் சிறந்து விளங்கினர். சிங்கள மன்னனின் ஆதரவும், தமிழரின் அயலும், முஸ்லிம்களின் உழைப்பும் சேர்ந்து இக்கரை ஊர்களை வளர்த்தன.

வருகை தருவோர் முதலில் செய்யத்தக்கது, கடைத்தெருவை விட்டு உள்வீதிகளிலே சற்று நடப்பது. ஒரே வளவினுள், ஒரு பழைய வீட்டின் அருகே புதிய வீடொன்றும், அதனை அடுத்து இன்னொன்றும் எழுந்திருப்பதை ஆங்காங்கே காணலாம். இவ்வமைப்பின் காரணம் கிழக்கிலங்கையின் குடும்ப வழக்கிலே இருக்கின்றது. இங்கே மகளுக்கு மணம் முடிக்கும்போது தாயார் வீட்டையே சீதனமாகக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். அடுத்த மகளுக்காகப் பெற்றோர் அருகிலேயே வேறு வீடு கட்டுவர். இவ்வாறு தாயும் மகளும் தமக்கையும் தங்கையும் அயல்வீட்டாராகவே வாழ்நாளைக் கழிப்பர்.

இதனோடு இணைந்தது குடி என்னும் முறை. ஒருவன் எக்குடியைச் சேர்ந்தவன் என்பது தாய்வழியே தீர்மானிக்கப்படும். ஒரு குடியினர் தம்முள் மணஞ்செய்துகொள்ளார். தமிழரின் கோவில்களிலே குடிவாரியாக வண்ணக்கர்மார் பொறுப்பேற்பதும், முஸ்லிம்களின் பள்ளிவாசல்களிலே குடிவாரியாக மரைக்கார்மார் பொறுப்பேற்பதும் இப்பகுதியின் பழைய ஒழுங்கு. மார்க்கத்தால் வேறுபட்ட இரு சமூகங்கள், குடும்பத்தையும் வழிபாட்டிடத்தையும் நடத்தும் முறையிலே ஒன்றுபட்டிருப்பது ஆராய்ச்சியாளரை வியக்கவைத்த செய்தி. தாய்வழியாக உரிமை செல்லும் முக்குவர் சட்டம் இந்நாட்டிலே வழங்கியது. 1876ஆம் ஆண்டின் திருமண, மரபுரிமைச் சட்டத்தோடு நீதிமன்றங்களில் அதன் ஆட்சி ஒழிந்தது. சட்டம் போயிற்று, சீதன வீடும் குடியும் நின்றுவிட்டன.

வயலிலும் இவ்வொற்றுமை தெரியும். நிலமுடையவரைப் போடியார் என்பதும், வயல்வெளியின் நீர்ப்பங்கீட்டைக் கவனிப்பவரை வட்டைவிதானை என்பதும் இரு சமூகத்தாருக்கும் பொதுவான சொற்கள். வாடைக் காற்றோடு வரும் மாரிமழையை நம்பிப் பெரும்போகம் செய்வதும், குளத்து நீரைக் கொண்டு சிறுபோகம் செய்வதும் யாவர்க்கும் ஒன்றே. தமிழர் வசந்தன் ஆட்டத்திலும் முஸ்லிம்கள் களிகம்பு ஆட்டத்திலும் கோல்களைத் தட்டித் தாளத்தோடு சுற்றிவரும் முறையைப் பார்ப்போர், இரண்டும் ஒரே களத்துமேட்டுக்கு உரியவை என்று உணர்வர்.

ஊரை விட்டுக் கடற்கரைக்குச் சென்றால், மணற்குன்றுகளின் நடுவே முகுது மகா விகாரையின் சிதைவுகள் காணப்படும். முகுது என்பது சிங்களத்திலே கடலைக் குறிக்கும் சொல். மணலிலே பாதி புதைந்த கற்றூண்களும், நின்ற கோலத்துக் கற்சிலைகளும், பழங்கட்டிடங்களின் அடித்தளங்களும் அங்குள்ளன. கடவுளர் சினத்தால் கடல் பொங்கி நாட்டை அழித்தபோது, களனிதிஸ்ஸ மன்னனின் மகள் கலமொன்றிலே கடலில் விடப்பட்டு, உரோகணத்துக் கரையிலே சேர்ந்து, காவந்திஸ்ஸ மன்னனை மணந்து, துட்டகைமுனுவின் தாயானாள் என்பது மகாவம்சம் கூறும் கதை. விகாரமகாதேவி எனப் பெயர்பெற்ற அந்த அரசி கரைசேர்ந்த இடம் இதுவே என்பது பொத்துவிற் பகுதியின் ஐதிகம். தென்கரையிலுள்ள கிரிந்தையும் அதே பெருமைக்கு உரிமை கொண்டாடுகின்றது.

அவ்வரசியின் திருமணம் நடந்த இடமென்று சொல்லப்படுவது, மேற்கே லாகுகலைக் காட்டினுள் உள்ள மகுல் மகா விகாரை. மகுல் என்றால் மணவினை. அங்கே கற்பலகை ஒன்றிலே பொறித்த சிங்களச் சாசனம் உள்ளது. அது 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தாதுசேன மன்னன் கட்டிய விகாரை பாழடைந்து கிடந்ததாகவும், பராக்கிரமபாகு என்னும் பெயர்கொண்ட உடன்பிறந்த அரசர் இருவரின் தேவியாகிய விகாரமகாதேவி அதனைப் புதுப்பித்ததாகவும் அச்சாசனம் தெரிவிக்கின்றது. கதையிலே வரும் விகாரமகாதேவி கிறித்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டினள். கல்லிலே வரும் விகாரமகாதேவி அவளுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்டவள். பெயர் ஒன்றாயினமையால் இரு அரசியரும் மக்கள் நினைவிலே ஒருத்தியாயினர் போலும். யானைகளும் அவற்றின்மேற் பாகரும் செதுக்கப்பட்ட அழகிய சந்திரவட்டக்கல் ஒன்றும் அங்கு உண்டு. அதன் எதிரே நிற்கும் ஒருவர், கதையைக் கேட்டு மகிழலாம், சாசனத்தையும் படிக்கவேண்டும். இரண்டையும் வேறுவேறாக அறிந்துகொள்பவரே இடிபாடுகளைப் பார்க்கத் தெரிந்தவர்.

லாகுகலைக் குளமும் பார்க்கத்தக்கது. கோடை மாதங்களிலே நீர் வற்ற, குளத்திலே செழிக்கும் புல்லை உண்ண யானைக் கூட்டங்கள் வந்து நிற்கும். 1,554 ஹெக்டேயர் பரப்புடைய இக்காட்டுப் பகுதி 1980ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பழங்காலத்தார் நெல்லுக்காகக் கட்டிய குளம் இன்று யானைகளின் வாழ்வுக்கும் ஆதாரமாயிற்று.

இடிபாடுகளை எவ்வாறு படிப்பது என்னும் கேள்வி பொத்துவில் மக்களுக்கு ஏட்டுக் கேள்வியன்று. குடியிருக்கும் காணியைப் பற்றிய கேள்வி. முகுது மகா விகாரையின் தொல்பொருட் காணிக்கு எல்லை எது, அதனை அடுத்து வாழும் முஸ்லிம் குடும்பங்களின் காணிக்கு எல்லை எது என்ற பிணக்கு நெடுங்காலம் நீடித்தது. 2020ஆம் ஆண்டிலே பாதுகாப்புச் செயலாளர் அங்கு வந்து பார்வையிட்டார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலே கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமைசெய்யச் சனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. தமிழ்பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கென அமைந்த அச்செயலணியிலே, தொடக்கத்தில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இடம்பெறவில்லை. பௌத்தருக்கோ தம் முன்னோரின் புனிதத்தலம் அழிந்துபோகுமோ என்னும் கவலை. அங்கு வாழ்வோருக்கோ பிறந்த மண் பறிபோகுமோ என்னும் அச்சம். இரண்டும் மெய்யான உணர்ச்சிகள். பழைய கல் காக்கப்படவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கல்லொன்று, அதன்பின் வந்த நூற்றாண்டுகளை எல்லாம் இல்லையென்று ஆக்கிவிடாது. அக்கல்லின் அருகே பல தலைமுறை வாழ்ந்தோரும் அவ்விடத்து வரலாற்றின் பகுதியே.

அயலவர் என்றும் ஒற்றுமையாகவே வாழ்ந்தனர் என்று சொல்வதும் உண்மையாகாது. 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் நாள், வடக்கே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12ஆம் நாள், சம்மாந்துறைக்கு அருகே வீரமுனைக் கோவிலிலே தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். 2006ஆம் ஆண்டு செப்டெம்பரிலே பொத்துவிலுக்கு அண்மையில் இறாத்தல்குளத்துக்கு வேலைக்குச் சென்ற முஸ்லிம் தொழிலாளர் பத்துப்பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். இத்துயரங்களை மறைத்துவிட்டு ஊரைப் புகழ்வோர் ஊருக்கு நன்மை செய்பவராகார். இவற்றை மட்டுமே சொல்வோரும் முழுவதையும் சொன்னவராகார். 2021ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள் பொத்துவிலிலே தொடங்கி, 7ஆம் நாள் யாழ்ப்பாணத்துப் பொலிகண்டியிலே முடிந்த நெடும்பயணத்திலே தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தனர். பறிக்கப்பட்ட காணிகள், காணாமற்போனோர் ஆகியோரைப் பற்றிய கோரிக்கைகளோடு, கொள்ளைநோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தல் கூடாது என்பதும் அவர்கள் எழுப்பிய குரல்களுள் ஒன்று. ஒருவர் துயரை மற்றவர் தம் துயராகச் சொன்ன அந்நாளும் இவ்வூரின் வரலாற்றிலே சேரவேண்டியதே.

பட்டினத்துக்கும் அறுகம்பைக்கும் இடையே களப்பின் முகத்துவாரம் குறுக்கிடுகின்றது. அதன்மேற் பாலம் ஒன்று நிற்கின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரை முழுவதையும் சிதைத்தது. இலங்கையிலே மிகுதியான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அறுகம்பைப் பாலம் உடைந்து, தென்பகுதிக்கான வழி துண்டிக்கப்பட்டது. பின்னர் அமெரிக்க உதவியோடு புதிய பாலம் கட்டப்பட்டது. அலையை விளையாட்டாகக் காண வருவோர், அதே கடல் ஒரு காலைப்பொழுதிலே செய்ததையும் நினைவிற் கொள்வது நன்று.

குடாவை அயலவர் உல்லை என்றே வழங்குவர். அறுகம்புல் மிகுந்த குடாவாதலின் அறுகம்பை எனப் பெயர் வந்தது என்றும் கூறுவர். விடுதிகளும் உணவகங்களும் நிறைந்த தெருவின் ஓரத்திலேயே, மீனவர் கரைவலை இழுப்பதையும் படகுகளை மணலில் ஏற்றுவதையும் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே, மேற்குக் கரையின் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கரையின் கடலோ மீன்பிடிக்க ஏற்றதாய் இருக்கும். ஆதலின் அக்காலத்திலே மேற்குக் கரை மீனவர் பலர் கிழக்கே வந்து வாடியமைத்துத் தங்குவது பழைய வழக்கம். பொத்துவிற் களப்பிலே கண்டற்காடுகளினூடே வள்ளத்திற் செல்லும் பயணமும் உண்டு. உள்ளூர் மீனவரே வள்ளத்தைச் செலுத்துவர். முதலைகளும் நீர்ப்பறவைகளும் அக்கண்டலிலே வாழ்கின்றன.

அறுகம்பைக்குத் தெற்கே சென்றால் பாணமை வரும். அவ்வூரிலே சிங்களவரும் தமிழரும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்துள்ளனர். அங்கே பத்தினித் தெய்வத்துக்கு எடுக்கும் விழாவிலே, இரு கட்சியார் கொம்புகளை மாட்டி இழுத்து முறிக்கும் ஆட்டம் பெயர்பெற்றது. சிங்களர் அதனை அங்கெலிய என்பர். தமிழர் அதனைக் கொம்புமுறி என்பர். சிங்களரின் பத்தினி, தமிழரின் கண்ணகியே. சிலப்பதிகாரம் கூறும் இலங்கை வேந்தன் கயவாகுவோடு வந்ததென்று கருதப்படும் அவ்வழிபாடு, தம்பிலுவிலிலே வைகாசிச் சடங்காகவும், பாணமையிலே அங்கெலியவாகவும் நிலைத்துவிட்டது.

பாணமைக்கும் அப்பால், கடலோரப் பாறையிலே உகந்தை முருகன் கோவில் நிற்கின்றது. ஆண்டுதோறும் கதிர்காமத்து ஆடிவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கால்நடையாகப் புறப்படும் அடியார், பொத்துவிலைக் கடந்து உகந்தையிலே கூடி, அங்கிருந்து குமணை, யாலைக் காடுகளினூடே கதிர்காமம் செல்கின்றனர். அவர்கள் சென்றடையும் கதிர்காமத்திலே முருகன் கோவிலும், கிரி விகாரையும், கிழிறு நபியின் நினைவோடு தொடர்புடைய பள்ளிவாசலும் அடுத்தடுத்து உள்ளன. வடக்கே கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே, நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றி விழாக் கொண்டாடுவர். எனவே, ஊர்களையும் கடல்களையும் கடந்து புனிதரையும் தெய்வத்தையும் தேடிச் செல்வது இக்கரையார் அனைவர்க்கும் பழகிய செயல்.

பொத்துவிலுக்குச் செல்ல எண்ணுவோர் இரண்டு நாளேனும் ஒதுக்குவது நலம். வெள்ளிக்கிழமை நண்பகலிலே கடைகள் மூடியிருக்கும். அது ஜும்ஆத் தொழுகை வேளை. கடற்கரை விளையாட்டுக்குரிய உடை ஊரின் உள்வீதிகளுக்கு ஏற்றதன்று. பள்ளிவாசலிலும் கோவிலிலும் விகாரையிலும் பாதணியைக் கழற்றிச் செல்லும் மரியாதை யாவற்றுக்கும் பொது. சிலையின் அருகே நின்று அதற்கு முதுகு காட்டிப் படமெடுத்தல் பௌத்தரைப் புண்படுத்தும். முகுது விகாரையின் கற்றூணைப் பார்த்தபின், அதன் அயலில் வாழ்வோரிடமும் நின்று இரண்டு வார்த்தை பேசவேண்டும். அவர்கள் பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து தமக்கும் வந்த வீட்டைப்பற்றிச் சொல்வர். கல்லின் வயதைத் தொல்லியலார் அறிவர். அவ்வீட்டின் வயதை அவர்களே அறிவர். இவ்விரண்டையும் கேட்டுத் திரும்புபவரே பொத்துவிலைப் பார்த்தவராவர்.